பாறை குடித்த சாயம்

அரைக் கிலோமீட்டர் ஆழத்துப் பாறைக்குள்ளிருந்து கையை நீட்டித் தன் சம்பந்தியின் தாடிக்குப் பச்சை அடித்தவர் இந்த உலகத்திலேயே தாம் ஒருவர்தான் என்று பீரங்கி சொல்லாத இடம் கிடையாது. முடிதிருத்தும் கடையில் சொன்னார். பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்களை நிறுத்திவைத்துச் சொன்னார். பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னபோது, திறந்த வாயை வீணாக்குவானேன் என்று அங்கேயும் சொல்லப் பார்த்தார். ஏணி கிடையாது, தூரிகை கிடையாது, சம்பந்தி தூங்கிக்கொண்டிருக்கவும் இல்லை. கேட்டவர்கள், "அப்படியே நிலாவுக்கும் ஒரு கோட்டிங் குடுத்துட்டு வந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்கள்.

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. பீரங்கி என்பது வேலையிடத்தில் அவருக்கு வைத்த பெயர். குரலும் அப்படி, அளப்பும் அப்படி. பாறையில் துளை போடும் ரிக்குக்கு மேஸ்திரியாக ஆயுசு முழுக்க இருந்தவர். தாம் போட்ட ஒரு துளை போய்க்கொண்டே இருந்து, பூமியின் மறுபக்கத்து வீட்டுக்காரர் கீழேயிருந்து கம்பியைத் தட்டி, 'கொஞ்சம் மெதுவாங்க, குழந்தை இப்பத்தான் கண்ணசந்துச்சு' என்று கெஞ்சியதாகச் சொல்லுவார். இன்னொரு துளையில் விழுந்த தம் கைக்கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகவும், காதை வைத்தால் கேட்கும் என்றும் சொல்லுவார். புதிதாக வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் காதை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அவருடைய கடைசி வேலை, ஊருக்குப் பின்னால் இருந்த கருங்கல் மலையில். அணு உலைகளில் எரிந்து தீர்ந்த எரிபொருளை எங்கே வைப்பது என்று அரசாங்கம் இடம் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் கழிவு லேசுப்பட்டதல்ல. பக்கத்தில் போனால் ஆளை முடித்துவிடும். ஒதுக்கி வைத்தாலும் லட்சம் வருஷத்துக்குக் கோபம் தணியாது, கல்யாண வீட்டில் சரியாகக் கவனிக்கப்படாத பெரியப்பாவைப்போல. ஆகவே பூமிக்கு அடியில், தண்ணீர் நுழைய முடியாத பாறையாகப் பார்த்து அதைப் புதைத்துவிடுவது என்று திட்டம். பயமெல்லாம் தண்ணீர்தான். பாறைக்குள் ஒரு விரிசல் இருந்து, அதில் தண்ணீர் ஓடினால், புதைத்தது என்றைக்காவது ஒருநாள் யார் வீட்டுக் குழாய் வழியாகவாவது வெளியே எட்டிப்பார்க்கும். இந்த மலை இறுக்கமானதா, ஓட்டையானதா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வின் தலைவர் வேறு யாருமில்லை, பீரங்கியின் மகளைத் தம் மகனுக்குக் கட்டிக்கொண்ட சம்பந்தி.

சம்பந்தி பீரங்கிக்கு நேரெதிர். ஒரு வார்த்தையைச் சொல்லுமுன் அதை எடைபோட்டு, உரசிப் பார்த்து, பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடுவார். வெள்ளைத் தாடி. அதில் ஒரு முடி வரிசை தவறி நின்றால் அன்றைக்கு அலுவலகத்தில் யாருக்கும் விடுப்புக் கிடைக்காது. கிருமி என்றால் அவருக்குப் புலியைவிடப் பயம். யாருக்கும் கை கொடுக்கமாட்டார். கல்யாணப் படத்தில் இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவே ஒரு லாரி தாராளமாகப் போகலாம். ஊர்த் தண்ணீரில் கிருமி இருக்கும் என்று தம் வீட்டுக்குத் தனியாக ஆழமான போர்வெல் போட்டுக்கொண்டவர். குளிக்க, சமைக்க, கொதிக்க வைத்துக் குடிக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான்.

பாறையைச் சோதிக்கும் முறை இது. ஆழத்தில் ஒரு இடத்தை ரப்பர் அடைப்பால் மேலும் கீழும் மூடிவிட்டு, நடுவில் சாயம் கலந்த தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். சுற்றிலும் போட்டிருக்கும் வேறு துளைகளில் அந்தச் சாயம் வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். வந்தால் விரிசல் இருக்கிறது. வராவிட்டால் பாறை கெட்டி. சாயம் பொடியாக இருக்கும்போது செங்கல் நிறம், தண்ணீர் பட்டால் கிளிப்பச்சை. யாருக்கும் தீங்கு செய்யாது, கண் மருத்துவர்கள் கண்ணிலேயே விட்டுப் பார்க்கும் சரக்கு. ஆனால் ஒட்டினால் விடாது. ஒரு சிட்டிகை ஒரு குளத்தைப் பச்சையாக்கிவிடும். பீரங்கியின் கணக்கில் ஒரு கடலையே பச்சையாக்கிவிடும்.

அதனால் அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. சாயம் ஊற்றியவன் சோதனைத் தண்ணீரை எடுக்கக் கூடாது. அவன் நகத்தில் ஒட்டியிருக்கும் துளி போதும், இல்லாத விரிசலை உண்டாக்கிவிட. ஆய்வுக்கூடத்தைக் கவனித்துக்கொண்ட லேப் அம்மா, நடைபாதையின் முனையில் தரையில் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். சாயம் ஊற்றுகிற பீரங்கி அதைத் தாண்டக் கூடாது. அந்தப் பக்கத்திலிருந்து தேநீர்க் கோப்பையைக்கூட நீளமான தட்டில் வைத்துத் தள்ளிவிடுவார்கள்.

சாயத்தைச் செலுத்திய அன்றைக்கே பீரங்கிக்கு மனசு சரியில்லை. கெட்டிப் பாறை என்றால் தண்ணீரை உள்ளே தள்ளும்போது எதிர்க்க வேண்டும், அழுத்தம் காட்டும் முள் ஏற வேண்டும். முள் கொஞ்ச தூரம் ஏறிவிட்டு, அலுப்பில் உட்காருகிறவர்போல உட்கார்ந்துகொண்டது. போனைப் போட்டார்.

"சம்பந்தி, பாறை குடிக்குது."

"எவ்வளவு?"

"பாலைவனத்தைத் தாண்டி வந்த ஒட்டகம் மாதிரி, அதுவும் குடும்பத்தோட வந்த ஒட்டகம்."

"நான் அளவு கேட்டேன், ஒட்டகம் கேக்கல. ரப்பர் அடைப்பு கசிஞ்சிருக்கும். மாத்திட்டு மறுபடியும் செய்யுங்க."

மாற்றினார்கள். புது அடைப்பைப் பொருத்தும்போது அது கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தது. இந்த முறை முள் கம்பீரமாக ஏறி நின்றது. சம்பந்திக்கு உச்சி குளிர்ந்தது. பாறைக்குள் தண்ணீர் நகர்ந்தால் மலைக்குக் கிழக்கே, வெட்டவெளிப் பக்கமாகத்தான் நகரும் என்பது அவருடைய கணிப்பு. பார்க்கும் துளைகள் எல்லாம் கிழக்கேதான் இருந்தன. அவற்றில் ஒன்றிலும் பச்சை தலைகாட்டவில்லை. மேற்கே ஊர் இருந்தது. ஊரில் யார் போய்ப் பார்ப்பது?

"முதல் தடவை குடிச்சது எங்க போச்சு?" என்று பீரங்கி கேட்டுக்கொண்டே இருந்தார். 'கசிவு' என்ற ஒரே வார்த்தையைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் மகளைப் பார்க்கப் போனார். ஊரின் மலையோர முனையில், மேற்குச் சரிவு முடியும் இடத்தில் சம்பந்தியின் வீடு. மகளுக்கு நிறைமாதம். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவள் இரண்டு தவணை எடுத்துக்கொண்டாள். இவர் கால் கழுவக் குளியலறைக்குள் போனார். ஜன்னல் சாத்தியிருந்தது. வெள்ளை வாளியில் தண்ணீர் நிறைந்திருந்தது. கதவிடுக்கில் வந்த ஒரு கீற்று வெளிச்சம் தண்ணீரில் விழுந்த இடத்தில், மிக மெல்லிசாக, புது இலையின் அடிப்பக்கம்போல ஒரு பச்சை.

அடுத்த நொடி பீரங்கி செய்ததை உலகத்தில் வேறு எந்த மடையனும் செய்திருக்கமாட்டான், சாயம் ஊற்றும் ஆளைத் தவிர. பதறிப்போய்க் கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

நகக்கண்களிலிருந்து பச்சை புகைபோலக் கிளம்பியது. வாளி முழுக்கக் கிளிகள் பறந்தன.

"அப்பா! என்ன பண்றீங்க?" மகள் வாசலில் நின்றாள்.

"நான் பண்ணலம்மா. முன்னாடியே இருந்துச்சு. நான் கையை விடறதுக்கு முன்னாடியே."

"எது?"

"பச்சை."

மகள் வாளியைப் பார்த்தாள். அப்பாவின் சொட்டுகிற கையைப் பார்த்தாள். பின்னாலேயே வந்த சம்பந்தியும் பார்த்தார். தாடிக்குள் அவர் சிரிப்பது அபூர்வம். அன்றைக்குச் சிரித்தார்.

"சம்பந்தி, வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். இப்படி வாளியில கரைச்சே கொண்டுவருவீங்கன்னு நினைக்கல."

"இந்தத் தண்ணியை நிறுத்துங்க. யாரும் குடிக்காதீங்க. சாயம் ஒண்ணும் செய்யாது, அதை நான் லிட்டர் லிட்டராக் குடிச்சிருக்கேன். அது வந்த வழி இருக்கு பாருங்க, நாளைக்கு நீங்க புதைக்கறது அதே வழியிலதான் வரும். இந்த வீட்டுக்கு. இவ குழந்தைக்கு, அது குழந்தைக்கு…"

"லிட்டர் லிட்டராக் குடிச்சீங்களா?" என்றார் சம்பந்தி.

பீரங்கி ஒரு மிடறுகூடக் குடித்ததில்லை. வாய் பழக்கத்தில் போய்விட்டது.

மகள் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "அப்பா, நீங்க சொன்னா எனக்குச் சிரிப்பு வரும், சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். இன்னிக்கு வரல. பயமா இருக்கு. நிஜமாச் சொல்லுங்க, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"கையை விடறதுக்கு முன்னாடியா?"

ஆயுசு முழுக்க ஒன்றைப் பத்தாக்கிப் பார்த்த கண், இன்றைக்கு இல்லாததை இருப்பதாகக் காட்டியிருக்காது என்று என்ன நிச்சயம்? வெளிச்சக் கீற்றாக இருக்கலாம். கதவின் பெயின்ட்டாக இருக்கலாம். மற்றவர்கள் நம்பாதது அவருக்குப் புதிதல்ல, அது பாட்டுக்கு அது. தம்மையே தாம் நம்ப முடியாமல் தெருவில் நின்றது அதுதான் முதல் தடவை.

"முன்னாடிதான்னு நினைக்கிறேன்" என்றார். நினைக்கிறேன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து மகள் அதுவரை கேட்டதில்லை.

அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். மறுநாள் தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, அப்பாவுக்காகச் சமையலறை ஜன்னலில் பொழுதெல்லாம் வைத்துப் பார்த்தாள். சாயங்காலம் போன் செய்தாள். "அப்பா, கண்ணாடி மாதிரி இருக்குப்பா. ஒரு பச்சையும் இல்ல."

"ஜன்னல்லயா வெச்சே? ஐயோ, அந்தச் சாயத்தை வெயில் தின்னுடும்மா! இருட்டுல வைக்கணும்!"

"இன்னிக்கு வெயில் தின்னுடுச்சா? நாளைக்கு இருட்டுல வெச்சா எலி குடிச்சிடுச்சும்பீங்க." அவள் குரல் உடைந்தது. "நான் இந்த வீட்டுலதான் பெத்து வளர்க்கணும். எதை நம்பறதுன்னு தெரியலப்பா."

பீரங்கி அந்த வாரம் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்பது அவருக்கே தெரியாது. போட்டிருந்த உடுப்பையெல்லாம் தூக்கி எறிந்தார். நகங்களை ஒட்ட வெட்டினார். தலையை மழித்தார். உடம்பைத் தேய்த்த தேய்ப்பில் ஒரு சுற்று இளைத்துவிட்டதாகச் சொல்லுவார். ரிக் பக்கமே போகவில்லை, மகள் வீட்டுப் பக்கமும் போகவில்லை. லேப் அம்மாவுக்குப் போன் செய்தார்.

"அம்மா, எங்க சம்பந்தி வீட்டுப் போர்வெல்லயிருந்து ஒரு பாட்டில் எடுத்துப் பாருங்க. நான் கேட்டு நீங்க இதுவரைக்கும் எதுவும் செஞ்சதில்ல, இதை மட்டும்."

"தலைவர் வீட்டுக் குளியலறைக்குள்ள அவருக்குத் தெரியாம நான் எப்படிங்க நுழையறது? நீங்க போய் நின்ன வீடு அது. நான் பச்சையைக் கண்டுபிடிச்சாலும் உங்க கைப்பச்சைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க." பிறகு சொன்னார்: "நீங்க எதைத் தொட்டிருந்தாலும் அது எனக்கு உதவாது. தொடாதது ஏதாவது இருந்தாச் சொல்லுங்க."

பீரங்கி யோசித்துப் பார்த்தார். பார்க்கிறவர்களையெல்லாம் தோளில் கைபோட்டுக் கட்டிப் பிடிக்கிற பிறவி அவர். மகளைத் தொட்டிருந்தார், மருமகனைத் தொட்டிருந்தார், அந்த வீட்டுக் கதவு, குழாய், துண்டு, பூனை என ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தொடாதது என்று ஒன்றும் அகப்படவில்லை.

அறிக்கையைப் பெற்றுக்கொள்ளத் தலைநகரிலிருந்து ஒரு குழு வந்தது. பிற்பகலில் கூட்டம். பீரங்கியின் பேச்சு எப்படியோ அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டிருந்தது. கூட்டத்துக்கு முன்னால் அதை ஒரேயடியாக முடித்துவிடுவது என்று சம்பந்தி தீர்மானித்து, அவரை ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார். சிவப்பு டேப்பைத் தாண்டப் பீரங்கிக்கு அன்றைக்குத்தான் அனுமதி. தாண்டும்போது கால் கூசியது.

திரைகளை இழுத்துவிட்டார்கள். லேப் அம்மா ஊதா விளக்கைப் போட்டார். கள்ள நோட்டுப் பார்க்கிற விளக்குக்கு அக்கா முறை அது. சலவைப் பொடியின் புண்ணியத்தில் எல்லோருடைய சட்டையும் நீலமாக ஒளிர்ந்தது. சாயம் இருந்தால் பச்சையாக ஒளிரும். இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது.

"கையை நீட்டுங்க சம்பந்தி."

நீட்டினார். உள்ளங்கை, புறங்கை எல்லாம் இருட்டாகக் கிடந்தது. எவ்வளவு தேய்த்து என்ன, நகத்துக்கும் சதைக்கும் நடுவே முடி அளவுக்கு ஒரு பச்சைக் கோடு, பத்து விரலிலும். சுற்றி நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பீரங்கிக்கு அழுகை முட்டியது. ஆனால் ஓர் ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. பொய்யாகவே போகட்டும். தாம் உளறியதாகவே போகட்டும். மகள் அந்தத் தண்ணீரைப் பயப்படாமல் குடிக்கட்டும். வாழ்க்கையில் முதல்முறையாகத் தாம் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார்.

"இதோ, இதுதான் நம்ம விரிசல்" என்று சொல்லிக்கொண்டே சம்பந்தி, அந்த நகக்கோட்டை அருகில் பார்க்கக் குனிந்தார். அவர் முகம் விளக்கின் கீழே வந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. லேப் அம்மாவின் கை தானாக வாய்க்குப் போயிற்று. வெள்ளைத் தாடி வேரிலிருந்து நுனிவரை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. மழைக்காலத்துப் புல்வெளியைச் சுருட்டி முகத்தில் ஒட்டவைத்ததுபோல. மீசையும் புருவமும்கூடத் தப்பவில்லை.

"என்ன?" என்றார் சம்பந்தி.

எதிரே இருந்த கண்ணாடி அலமாரியில் அவரே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பீரங்கியின் பக்கம் திரும்பினார். "நீங்க என்னைத் தொட்டிருக்கீங்க."

"எப்ப சம்பந்தி? நீங்க தொட விட்டதே இல்லையே." பீரங்கியின் பீரங்கிக் குரல் எங்கோ போயிருந்தது. "ஒரு தடவையாவது கட்டிப் பிடிச்சிருக்கக் கூடாதான்னு இப்பத்தான் தோணுது."

"ஐயா, நீங்க சாயப்பொடி இருக்கிற பக்கமே வந்ததில்ல" என்றார் லேப் அம்மா மெதுவாக.

"தெரியும்." சம்பந்தி விளக்கை அணைத்தார். "சுத்தமான பாட்டில் நாலு எடுத்துக்கங்க. நீங்களும் நானும் மட்டும் போறோம். தொட்டியில எடுக்க வேண்டாம். மோட்டாரைப் போட்டு, கிணத்திலேர்ந்து வர்ற குழாயைக் கழட்டி நேரா பிடிப்போம். சம்பந்தி, நீங்க இங்கேயே இருங்க. எதையும் தொடாதீங்க."

பீரங்கி ஒரு நாற்காலியில், இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது அவர்கள் இருவரும் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்தபோது லேப் அம்மா அவரைப் பார்க்காமல் போனார். சம்பந்தி ஜன்னலோரம் நின்றார். அந்த மலையோடு அவர் கழித்த வருஷங்கள் பீரங்கிக்குத் தெரியும். அதன் ஒவ்வொரு கல்லையும் பெற்ற பிள்ளைபோல ஊருக்கெல்லாம் பரிந்துபேசியவர்.

"முதல் தடவை பாறை குடிக்குதுன்னு சொன்னீங்க இல்ல" என்றார், முகத்தைத் திருப்பாமலே. "அடைப்பை மாத்தினப்ப அது கீழ இறங்கிடுச்சு. விரிசல் மேல நின்னுடுச்சு. நாம விரிசலைத் தாண்டிப் போய், நல்ல பாறையைச் சோதிச்சு நமக்கே மார்க் போட்டுக்கிட்டோம்."

"மகள் கிட்ட என்ன சொல்றது சம்பந்தி?"

"தண்ணி பிடிக்கப் போனப்பவே சொல்லிட்டேன். குழாயை மூடிட்டேன். அவ அழுதா."

கூட்ட அறையில் நீள மேசை. குழுவினர் முன்னால் அறிக்கை பளபளவென்று இருந்தது. இந்தப் பாறை லட்சம் வருஷம் எதையும் வெளியே விடாது என்று அதில் சம்பந்தியின் வாக்கியம், அவருடைய கையெழுத்தோடு. பீரங்கி கடைசி வரிசையில், யாருடைய முதுகுக்குப் பின்னாலாவது மறைய முடியுமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சம்பந்தி எழுந்தார். "இந்த அறிக்கையைத் திரும்ப எடுத்துக்கிறேன். இந்த மலையில எதையும் புதைக்கக் கூடாது."

குழுவின் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "காலையில வந்ததுமே ஒரு கதை காதுல விழுந்துச்சு. வீட்டுக் குழாய்ல பச்சைத் தண்ணி வந்துச்சுன்னு. பீரங்கின்னு ஒரு மேஸ்திரி கிளப்பிவிட்டதுன்னாங்க. இது அதுவா?"

"அதுதான்."

"அந்த ஆள் வாயைத் திறந்தாலே ரீல்னு இதே ஆபீஸ்ல சொல்றாங்களே? நீங்களே சிரிச்சீங்கன்னும் சொன்னாங்க."

"சிரிச்சேன்." சம்பந்தியின் கை தானாகத் தாடிக்குப் போய், பாதி வழியில் இறங்கிவிட்டது. "அவர் சொன்னதுல ஒண்ணைக்கூட நான் நம்பினதில்ல. இப்பவும் மத்ததை எதையும் நம்பல."

"அப்புறம்?"

அவர் கடைசி வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி எடைபோடும் பழக்கமுள்ள மனிதர், அன்றைக்கு ஒன்றையும் எடைபோடவில்லை.

"இது நடந்துச்சுங்க. என் வீட்டுக் கிணத்துக் குழாய்லயிருந்து நானே பிடிச்சேன். அந்தத் தண்ணியிலதான் இத்தனை நாளும் குளிச்சேன். என் மருமகள் அதைக் குடிச்சிருக்கா. அவர் சொன்னது நடந்துச்சு."